தலைப்பாகை மறைத்த இரண்டு எழுத்துகள்

பழைய புகைப்படத்தில் இருக்கும் விமானம் எது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பொழுதுபோக்கு. பணி ஓய்வுக்குப் பிறகு சிலர் மாடித் தோட்டம் போடுகிறார்கள், சிலர் திருப்புகழ் வகுப்புக்குப் போகிறார்கள். எனக்கு வாய்த்தது இது. விமானப்படையில் பதினைந்து வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், பிறகு வங்கியில் இருபத்தைந்து வருடம் என்று என் கதை இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு வேலையும் இதற்கு உதவுகின்றன. விமானத்தின் மரம், துணி, தகரம் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு ஒரு பைசா இடித்தாலும் தூக்கம் வரக் கூடாது.

படங்கள் எப்படியோ வந்துகொண்டே இருக்கின்றன. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர் ஆரம்பித்து வைத்தார். அவர் சம்பந்தி, சம்பந்தியின் தம்பி என்று பரவி, இப்போது முகம் தெரியாதவர்கள்கூட வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "எங்க தாத்தா பக்கத்துல நிக்கிற ப்ளேன் எது சார்?" பத்துக்கு ஏழு படம் டகோட்டாவாக இருக்கும். இரண்டு டைகர் மாத். மிச்சம் ஒன்றுதான் நம்மை உட்கார வைக்கும்.

நம் ஊரில் இரண்டடுக்கு இறக்கை உள்ள எதைப் பார்த்தாலும் டைகர் மாத் என்று சொல்லிவிடுவார்கள். வெண்ணிறத் தூள் எல்லாம் சர்ஃப் ஆன மாதிரி. பார்க்கத் தெரிந்தால் வித்தியாசம் சுலபம். எஞ்சினின் சிலிண்டர் தலைகள் மூக்கின் மேலே எட்டிப் பார்த்து, இறக்கைகள் நேராகப் போனால் அது முந்தைய ஜிப்ஸி மாத். டைகர் மாத்தில் எஞ்சின் தலைகீழாகத் தொங்கும், அதனால் மூக்கின் மேல்புறம் வழுவழுப்பாக இருக்கும். இறக்கைகளும் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். பயணிகளை முன்னால் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு, ஓட்டுபவர் அவர்களுக்குப் பின்னால் திறந்த வெளியில் தலையை நீட்டிக்கொண்டிருந்தால் அது ஃபாக்ஸ் மாத். மாட்டு வண்டியில் வண்டிக்காரர் பின்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.

இத்தனை மாத் எதற்கு என்று கேட்பீர்கள். மாத் என்றால் அந்துப்பூச்சி. இந்த விமானங்களைச் செய்த இங்கிலாந்துக்காரர் ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்குப் பூச்சிகள் என்றால் உயிர். அதனால் தன் விமானங்களுக்கு அந்துப்பூச்சிகளின் பெயர்களை வைத்தார். பஸ் மாத், லெப்பர்ட் மாத் இரண்டும் நிஜமாகவே தோட்டத்தில் பறக்கும் பூச்சிகளின் பெயர்கள். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

படம் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது விமானத்தை அல்ல, மனிதர்களை. ஆண்களின் சட்டைப் பை வலது பக்கம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைக் கவனிக்காமல் எஞ்சின் குழாய் இடமா வலமா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். இரண்டாவது, நிறத்தை நம்பக் கூடாது. அந்தக் காலத்துச் சாதாரண ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகப் பதியும். மஞ்சளும் மங்கலாகத்தான் விழும். நெற்றியில் பளிச்சென்று குங்குமம் வைத்த பாட்டி படத்தில் கறுப்புச் சாந்து வைத்தவளாக இருப்பாள். கறுப்பு விமானம் என்று சொல்லிக்கொண்டு வருவதில் பாதி உண்மையில் சிவப்பாக இருந்திருக்கலாம்.

அப்புறம் பதிவு எழுத்துகள். காருக்கு டி.என். மாதிரி விமானத்துக்கும் உண்டு. 1920-களின் கடைசி வரை இந்திய விமானங்களுக்கு 'ஜி-ஐ' என்று ஆரம்பிக்கும். 1929 வாக்கில் 'வி.டி.' வந்தது, இன்று வரை அதுதான். வி.டி.க்குப் பின்னால் மூன்று எழுத்து. உலகப் போருக்கு முன்னால் பதிவானவை எல்லாம் அந்த மூன்றில் முதல் எழுத்து 'ஏ'. மூன்றும் தெரிந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் புகைப்படக்காரர்களுக்கு ஒரு பழக்கம். குடும்பத்தில் பெரியவரை எழுத்துகளுக்கு நேர் முன்னால்தான் நிறுத்துவார்கள்.

அபூர்வமானவை எப்போதாவது மாட்டும். மூன்று வருடத்துக்கு முன் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் ஒரு படம் அனுப்பினார். தாழ்ந்த இறக்கை, ஒற்றை எஞ்சின், இரண்டு சக்கரங்களுக்கும் பேன்ட் போட்ட மாதிரி உறை, ஐந்து பேர் உட்காரும் அளவுக்குக் கூண்டு. மூன்று நாள் பார்த்தேன். மைல்ஸ் மெர்லின்! 1935-ல் வந்தது. உலகத்திலேயே மொத்தம் நான்குதான் செய்தார்கள். டாடா கம்பெனி அந்த வகையை வாங்கி இங்கே பறக்கவிட்டது. அன்று இரவு நான் இருந்த இருப்பைப் பார்த்து, லாட்டரி விழுந்ததா என்று என் மனைவி கேட்டாள். அதே டாடாவிடம் வேக்கோ என்ற அமெரிக்க விமானமும் இருந்தது. தடித்த வட்ட மூக்கு, இரண்டடுக்கு இறக்கை, நடுவில் கார் மாதிரி மூடிய கூண்டு. பெங்களூரில் வால்சந்த் ஹிராசந்த் 1940 டிசம்பரில் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவந்தது ஹார்லோ என்ற சின்னப் பயிற்சி விமானம். அதன் பெயரே இன்று பலருக்குத் தெரியாது. நான் பீதரில் எண்ணெய் துடைத்த எச்.டி.-2 அதே தொழிற்சாலையின் பிற்காலத்துப் பிள்ளை. ஹார்லோவின் படம் ஒன்று என் கைக்கு வர வேண்டும் என்று காத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய ஆசை, 1910-ல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் கட்டச் செய்து சென்னையில் பறந்து காட்டிய விமானம். யார் வீட்டுப் பரணிலாவது அதன் நல்ல படம் இருக்கத்தான் வேண்டும்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2023 கடைசியில் நங்கநல்லூரிலிருந்து ஒரு இளைஞர் தொடர்புகொண்டார். அவருடைய பாட்டிக்கு வருகிற தை மாதம் தொண்ணூறு முடிகிறது. குடும்பத்தார் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். அதன் அட்டையில் வைக்க ஒரு படம். "முதல் தபால் விமானம் அங்கிள். 1932. கொள்ளுத்தாத்தா தபால் இலாகாவுல சார்ட்டரா இருந்தார். அந்த விமானத்தோட பேரை மட்டும் கரெக்டா போடணும், அவ்வளவுதான்."

எனக்குப் பேச்சே வரவில்லை. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் பைகளோடு கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜுஹுவுக்கு ஓட்டி வந்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது என்பார்கள். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் விமானத்தை வாங்கிக்கொண்டு, பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு ஓட்டி வந்தார். இந்திய விமானத் தபாலின் பிள்ளையார் சுழி அது. விமானம் டி ஹாவிலண்ட் பஸ் மாத். அது மெட்ராஸில் நிற்கும் குடும்பப் படம் ஒன்று நங்கநல்லூரில் இருக்கிறது என்றால் சும்மாவா? ஸ்கேன் போதாது, அசல் படமே வேண்டும் என்றேன். மறுநாளே பைக்கில் கொண்டு வந்து கொடுத்தார்.

போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிய படம். ஓரங்கள் பழுத்திருந்தன. திறந்த வெளி, நல்ல வெயில். இடது பக்கம் விமானத்தின் மூக்கு, வலது பக்கம் பாதி வால். அதன் உடலுக்கு முன்னால் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த ஒருவர், முப்பது வயதிருக்கும். பக்கத்தில் மெலிந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தை. குழந்தைக்கு ஒரு வயது, ஒன்றேகால் வயது இருக்கலாம். காதில் கடுக்கன், காலில் காப்பு. அந்தக் காலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதேதான். படத்தின் பின்னால் 'மெட்ராஸ், முதல் தபால் விமானம், அக்டோபர் 1932' என்று எழுதியிருந்தது.

எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பால்பாயின்ட் பேனா. பால்பாயின்ட் நம் புழக்கத்துக்கு வந்தது போருக்கெல்லாம் வெகு பின்னால். ஆக, படம் எடுத்த காலத்தில் எழுதியதில்லை. அது ஒன்றும் குற்றமில்லை, பின்னால் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். ஆனால் லெட்ஜர் மூளை அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொண்டது.

பதிவு எழுத்துகளில் வி.டி., பிறகு ஏ. அடுத்த இரண்டு எழுத்தும் கொள்ளுத்தாத்தாவின் தலைப்பாகைக்குப் பின்னால். ஜே.ஆர்.டி. ஓட்டிய பஸ் மாத் வி.டி.-ஏ.டி.என். தலைப்பாகை இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எழுத்து இல்லாவிட்டால் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். மேல் இறக்கை, ஒற்றை எஞ்சின், தலைகீழ் சிலிண்டர், மூடிய கூண்டு. பஸ் மாத்துக்கு இது அத்தனையும் பொருந்தும். இன்னொரு விமானத்துக்கும் பொருந்தும். பஸ் மாத்துக்கு அடுத்து அதே கம்பெனி அதே அச்சில் செய்த லெப்பர்ட் மாத். அக்காவும் தங்கையும் மாதிரி இருக்கும். பத்திரிகைகளே குழம்புகின்றன. ஜே.ஆர்.டி. தன் 78-ஆவது வயதில், 1982-ல், அந்தப் பழைய பயணத்தை மறுபடி பறந்து காட்டினார். அப்போது அவர் ஓட்டியது லெப்பர்ட் மாத். அந்தப் படத்தைப் போட்டு 1932 என்று அச்சடித்ததைப் பார்த்து நான் பல தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

பஸ் மாத்தின் உடல் எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி போர்த்தியது. லெப்பர்டின் உடல் பிளைவுட். துணி போர்த்திய உடலில் சாய்ந்த வெயில் பட்டால் உள்ளே ஓடும் சட்டங்கள் லேசாகக் கோடு போடும், ஏழை மாட்டின் விலா எலும்பு மாதிரி. பிளைவுட் பெட்டி தட்டையாக இருக்கும். இந்தப் படத்தில் தட்டை. ஆனால் வெயில் உச்சியில் இருந்தது. அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

முடிவு சொன்னது இறக்கை. பஸ் மாத்தின் இறக்கை உடலோரம் எவ்வளவு அகலமோ, முனை வரை கிட்டத்தட்ட அவ்வளவே அகலம். முனையில் வட்டமாக முடியும். லெப்பர்டின் இறக்கை முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். படத்தில் ஒரு இறக்கை கேமராவைப் பார்த்து நீண்டிருந்தது. கிட்டே இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும். அதுதான் கேமராவின் சுபாவம். ஒரே அகலமான இறக்கை என்றால் நம் பக்கம் இருக்கும் முனை அகலமாகவும் உடலோரம் ஒடுங்கியும் விழ வேண்டும். இங்கே கிட்டே இருந்த முனைதான் ஒடுக்கம். ஸ்கேலை வைத்து நாலு தடவை அளந்தேன். தரையில் விழுந்த நிழலையும் அளந்தேன், அதுவும் அதையே சொன்னது. அந்தக் காலத்தில் இந்தச் சாயலில் இங்கே பறந்திருக்கக்கூடிய வேறு விமானங்களையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன். ஒன்றுக்கு இறக்கை கீழே, ஒன்றுக்கு மூக்கு வட்டம், ஒன்றுக்கு எஞ்சின் இரண்டு.

லெப்பர்ட் மாத்தான். மொத்தம் 133 செய்தார்கள். அதில் முதலாவது, இங்கிலாந்தில், முதல் தடவையாகத் தரையை விட்டுக் கிளம்பிய தேதி 1933 மே 27.

ஆக 1932 இல்லை. முதல் தபால் விமானமும் இல்லை. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானத் திடலுக்குக் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போய் எடுத்துக்கொண்ட படமாக இருக்கலாம். தபால் உத்தியோகம், விமானம் இரண்டையும் பிற்காலத்தில் யாரோ ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அட்டைப் படத்துக்குக் கொஞ்சம் மவுசு குறையும், அவ்வளவுதானே என்று அந்த இளைஞருக்குப் போன் செய்தேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு கேட்டார். "அங்கிள், 1933 மே-க்கு முன்னாடி இருக்க சான்ஸே இல்லையா?"

இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் அவர் மிச்சக் கதையைச் சொன்னார்.

அந்த இடுப்புக் குழந்தை பாட்டியின் அண்ணன். 1931-ல் பிறந்தவன், இரண்டு வயது முடிவதற்குள் ஜுரத்தில் போய்விட்டான். பாட்டி அப்போது பிறக்கவே இல்லை. பாட்டிக்கு நாலு வயதில் அம்மாவும் போய்விட்டாள், சில வருடத்தில் அப்பாவும். வளர்த்தது சித்தப்பா. இந்தப் படத்தைக் காட்டி, "இது உங்க அம்மா, இது உன் அண்ணன்" என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான், பின்னால் எழுதியதும் அவர்தான். அண்ணனுக்கு வேறு படமே கிடையாது. ஒவ்வொரு பங்குனியிலும் அவன் போன நாளில் பாட்டி இந்தப் படத்துக்குப் பூ வைத்து, ஒரு கிண்ணத்தில் பால் வைப்பாள். எழுபது வருடத்துக்கும் மேலாக.

போன நாள் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொள்ளுத்தாத்தாவின் குறிப்பு நோட்டு இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அழகான கையெழுத்து. ஆங்கிரச வருஷம் பங்குனி மாதம் 9-ஆம் தேதி. ஆங்கிரச என்றால் 1932 சித்திரையிலிருந்து 1933 பங்குனி வரை. அதாவது 1933 மார்ச். லெப்பர்ட் மாத் முதன்முதலாகப் பறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால். நாலு வரி கீழே அடுத்த குறிப்பு, ஸ்ரீமுக வருஷம் தை மாதம், பெண் ஜனனம். அது 1934. அவர்களுக்கு இருந்தது இரண்டே குழந்தைகள்.

பாட்டிதான் அந்தக் குழந்தை.

அன்று ராத்திரி படத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இளைஞர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பாட்டிகிட்ட சொல்ல வேண்டாம் அங்கிள். தொண்ணூறு வயசு. அண்ணன்னு நெனச்சுப் பூ வெச்சிட்டிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும்." அதில் நியாயம் உண்டு. ஒரு இறக்கை முனை குறுகலாக இருக்கிறது என்பதற்காக ஒரு கிழவியின் அண்ணனைப் பிடுங்கிக்கொள்ள நான் யார்? இன்னொரு பக்கம், நாலு வயதில் தாயை இழந்தவள், அந்தத் தாயின் இடுப்பில் தான் உட்கார்ந்திருக்கிற படத்தைத் தினம் பார்த்துக்கொண்டு, அது தான் என்று தெரியாமலே போக வேண்டுமா? என் மனைவியிடம் சொன்னேன். "அவங்க வீட்டு விஷயம். அவங்க கேட்டா சொல்லுங்க, கேக்காட்டி சும்மா இருங்க" என்றாள். வங்கியில் இப்படித் தெளிவாகச் சொல்லும் மேலதிகாரி ஒருவர்கூட எனக்கு வாய்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்துப் பாட்டியே போன் செய்தார். பேரன் முகத்தைப் பார்த்தே ஏதோ சந்தேகம் வந்திருக்கிறது. "தம்பி, ப்ளேன் பேரு கேட்டா இவன் மழுப்புறான். நீங்க படத்தை எடுத்துட்டு நேர்ல வாங்க. காப்பி நல்லா போடுவா என் மருமக." எழுபத்திரண்டு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பது தனி சுகம்தான். ஆனால் அன்று கால் நடுங்கியது.

போனேன். முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேரன் என் பின்னால் நின்றுகொண்டு கண்ணாலேயே கெஞ்சினான்.

விமானத்தின் பேரைக் கேட்டார். லெப்பர்ட் மாத் என்றேன். எப்படித் தெரியும் என்றார். ஸ்கேலையும் லென்ஸையும் கையில் கொடுத்து இறக்கையைக் காட்டினேன். கிட்டே குறுகல், தள்ளி அகலம். தானே அளந்தார். தலையாட்டினார். "கிட்ட இருக்கறது பெருசா தெரியணும். ஆமா." பிறகு கேட்டார், "இந்த ஜாதி எப்ப வந்துது?"

அந்த இடத்தில் 'முப்பதுகளில்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். கணக்கு டீச்சர் எதிரில் உட்கார்ந்து, லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். "1933 மே 27" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

உதடு மட்டும் அசைந்தது. ஆங்கிரச, ஸ்ரீமுக என்று விரலை மடக்கினார். சமையலறையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. அப்புறம் லென்ஸைப் படத்தின் மேல் வைத்து, குழந்தையை வெகு நேரம் பார்த்தார். அழவில்லை. நான் அதற்குத் தயாராகப் போயிருந்தேன்.

"சித்தப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறீங்களா?" என்றார்.

தெரியாது அம்மா என்றேன். அது நிஜம். அவர் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தாராம். அண்ணி இடுப்பில் குழந்தை என்றால் மூத்த பிள்ளை என்று நினைத்திருக்கலாம். அல்லது, அண்ணன் எப்படி இருப்பான் என்று தினம் கேட்டு நச்சரித்த ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரு முகம் கொடுத்திருக்கலாம். இரண்டாவதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. அவரே சொன்னார். "நான் ரொம்பத் தொணதொணப்பேன் சின்னதுல."

பிறகு இன்னொன்று கேட்டார். "அம்மா என்ன கலர் பொடவை கட்டியிருக்கா?" கறுப்பாகத் தெரிகிறதே என்று கேட்கிறார். பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு கறுப்பாக விழும் என்று சொன்னேன். அரக்கு, குங்குமச் சிவப்பு எதுவாகவும் இருக்கலாம். நல்ல நாளும் கிழமையுமாகக் கிளம்பியிருப்பதைப் பார்த்தால் அரக்குதான் என்று முடிவு செய்துகொண்டார். நான் மறுக்கவில்லை.

காப்பி உண்மையிலேயே நன்றாக இருந்தது.

புத்தகம் தையில் வந்தது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். அட்டையில் அதே படம்தான். கீழே பாட்டி சொல்லி எழுதிய வரி: "அப்பா, அம்மா, நான். 1935 வாக்கில். விமானம் லெப்பர்ட் மாத்." உள்ளே ஒரு பக்கத்தில் அண்ணனின் பெயர், பிறந்த நாள், போன நாள். அப்பாவின் நோட்டில் அந்த வரி இருக்கும் இடத்தை அப்படியே படமாகப் போட்டிருந்தார்கள். பங்குனி வந்தபோது பாட்டி எதற்குப் பூ வைத்தார் என்று பேரனிடம் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்து, அந்தப் பக்கத்துக்கு வைத்தாராம். பால் கிண்ணமும் உண்டு.

எனக்கு இன்னும் அந்த இரண்டு எழுத்து பாக்கி இருக்கிறது. போருக்கு முன் இந்தியாவில் பதிவான லெப்பர்ட் மாத்களை ஒரு பட்டியலாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மெட்ராஸ் பக்கம் வந்து போனது எவை என்று தெரிந்தால் கிட்டே நெருங்கிவிடலாம். உங்கள் வீட்டு ஆல்பத்தில், 1934, 35, 36 வாக்கில், மேல் இறக்கை வைத்த ஒரு சின்ன மூடிய விமானத்தின் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வி.டி.-ஏ என்று ஆரம்பித்திருக்கும். பெரியவர் யாரும் மறைக்காமல் இருந்தால், அதற்கு அடுத்த இரண்டு எழுத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். மறைத்திருந்தாலும் பரவாயில்லை, படத்தை அனுப்புங்கள்.